நீர்ப்பறவைகளின் பெயரும் உறவும்

செங்கால் நாரை, சாம்பல் நாரை, பூநாரை ஆகிய மூன்றையும் தமிழ் 'நாரை' என்றே வழங்குகிறது. நெடிய காலும் நீண்ட கழுத்தும் நீர்நிலை வாழ்வும் மூன்றுக்கும் பொதுவாதலின், அவ்வழக்குப் பொருத்தமுடையதே. ஆயின் பறவையியலார் இம்மூன்றையும் வெவ்வேறு வரிசைகளில் வைப்பர். பெயர் ஒன்றாயிருத்தலால் உறவும் ஒன்றே என மாணவர் எண்ணிவிடுதல் எளிது.

தோற்ற ஒற்றுமையைக் கொண்டு வகுத்தல் தமிழ் வழக்கு மட்டுமன்று. சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், 1758இல் வெளியிட்ட தம் நூற்பதிப்பில் நெடுங்காற் பறவைகளை ஒரே வரிசையாக்கினார். நாரை, உள்ளான், தீக்கோழி யாவும் அதனுள் அடங்கின. கடற்காகமும் ஆலாவும் விரலிடைச் சவ்வுடைமையால் வாத்துகளோடு சேர்ந்தன. ஒரு சாண் நீளமும் இல்லாத உள்ளான் ஒன்று, கரண்டி போன்ற அலகுடைமையால் கரண்டிவாயனோடு வைக்கப்பட்டது.

காலும் அலகும் இரைதேடும் முறைக்கேற்ப அமைபவை. ஆழமற்ற நீரில் நடந்து உண்ணும் பறவைக்கு நெடுங்கால் பயன்படும். ஆதலின் உறவில்லாத கூட்டங்களிலும் அது தனித்தனியே தோன்றக்கூடும். இதனையுணர்ந்த பிற்கால அறிஞர் உள்ளுறுப்புகளை ஆராயலாயினர். 1867இல் ஹக்ஸ்லி, மேலண்ண எலும்புகளின் அமைப்பைக் கொண்டு பறவைகளைப் பிரித்தார். பின்னர் மரபணு ஆய்வு வழிவழி உறவை மேலும் தெளிவாகக் காட்டியது.

அதன்படி, கரைப்பறவை வரிசை 350க்கு மேற்பட்ட இனங்களைக் கொண்டது. அதில் மூன்று கிளைகள் உண்டு. ஆள்காட்டியும், 'உள்ளான்' எனப் பெயர்பெற்ற நெடுங்கால் உள்ளானும் ஒரு கிளை. பிற உள்ளான்கள் பலவும் தாமரை இலைமேல் நடக்கும் இலைக்கோழியும் மற்றொரு கிளை. கடற்காகமும் ஆலாவும் மூன்றாம் கிளை. காடையை ஒத்த, பின்விரலற்ற சிறு பறவைகளும் இதனையே சார்ந்தவை.

நாரைகளின் நிலை வேறு. செங்கால் நாரை தனி வரிசையினது. சாம்பல் நாரையும் கொக்கும் கூழைக்கடாவின் வரிசையைச் சேர்ந்தவை. கரண்டிவாயனும் அங்கேயே உள்ளது. பூநாரைக்கு நெருங்கிய உறவு, குறுங்காலுடன் நீரில் மூழ்கி எழும் முக்குளிப்பானே என்பதை 2001 முதல் வெளிவந்த மரபணு ஆய்வுகள் காட்டின.

குவாலா சிலாங்கூர்ச் சேற்றுக்கரையிலும் சிங்கப்பூரின் சுங்கை பூலோவிலும் இவ்வுண்மையைக் கண்கூடாகக் காட்டலாம். ஒரே சேற்றில் கொக்கும் உள்ளானும் நடந்து இரைதேடும். மேலே ஆலா பறக்கும். அருகில் நடக்கும் கொக்கினும், வானில் பறக்கும் ஆலாவே உள்ளானுக்கு நெருங்கிய உறவு.

ஆதலின் வழக்குப் பெயர்களை மாற்றவேண்டுவதில்லை. அவை பறவையின் தோற்றத்தையும் வாழ்வையும் செவ்வனே உணர்த்துகின்றன. 'இஃது எவ்வாறு வாழ்கிறது?', 'இஃது எம்மரபில் வந்தது?' என்னும் இரு வினாக்களையும் பிரித்துக் கேட்கப் பயிற்றுதலே ஆசிரியர் கடன். முன்னதற்குப் பெயர் விடை தரும். பின்னதற்கு ஆராய்ச்சியே விடை தரும்.