தொட்டும் அசையாத கைப்பேசித் திரை: பழுதா, கைக் குறையா?

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் ஸ்மார்ட்போன் இப்போது விவசாயச் சாமான்களில் ஒன்றாகிவிட்டது. 2018-ல் வந்த உழவன் செயலியில் விலை பார்ப்பதற்கும், ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் திட்டத்துக்கு ஓ.டி.பி. எண் பெறுவதற்கும், பயிர்ச் சேதத்தைப் படம் எடுப்பதற்கும் அதுவே வேண்டியிருக்கிறது. அந்தத் திரை விரலுக்கு அசையாமல் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதைப் பற்றி இங்கு பார்ப்போம்.

வேப்பந்தட்டை வட்டாரத்து விவசாயி ஒருவர், மக்காச்சோளக் குருத்தில் படைப்புழு இருப்பதைப் படம் எடுக்க முயன்றிருக்கிறார். திரை அசையவில்லை. கடையில் காட்டினார். டிஸ்பிளே போய்விட்டது, மாற்ற 2,500 ரூபாய் ஆகும் என்றார்கள். மறுநாள் மனைவியுடன் என்னைப் பார்க்க வந்தவர் போனை மேசை மேல் வைத்தார். அந்த அம்மாள் எடுத்துத் தொட்டதும் திரை திறந்துகொண்டது. அவர் தொட்டால் திறக்கவில்லை. டிஸ்பிளேயில் ஒரு குறையும் இல்லை. திரைமேல் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு டெம்பர் கிளாஸ் ஒட்டியிருந்தார். இடையே வியர்வையும் தூசியும் புகுந்திருந்தன. அவருடைய ஆட்காட்டி விரலோ காய்ப்புக் காய்த்து, வெடித்து, உலர்ந்திருந்தது. ஒட்டியிருந்த இரண்டையும் எடுத்துத் துடைத்த பிறகு அவர் விரலுக்கும் திரை வேலை செய்தது.

திரை விரலை அறியும் விதம்

மோட்டார் கொட்டகையில் டெஸ்டர் வைத்துக் கரண்ட் பார்க்கிறோம். டெஸ்டரின் தலையில் விரல் பட்டால்தான் அதன் உள்ளே இருக்கும் விளக்கு எரிகிறது. நம் உடல் வழியாக மிக நுண்ணிய மின்சாரம் செல்வதே காரணம். தொடுதிரையும் ஏறக்குறைய இதே அடிப்படையில்தான் இயங்குகிறது. கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கம்பி வலை போன்ற ஓர் அடுக்கு உண்டு. விரல் அருகில் வந்ததும் அந்த இடத்தில் மின்னூட்டம் சிறிது மாறுகிறது. அந்த மாற்றத்தைக் கொண்டு விரல் எங்கே இருக்கிறது என்று போன் கணக்கிடுகிறது. அழுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. எனவே பலமாகக் குத்துவதால் பயன் இல்லை, கண்ணாடிதான் உடையும்.

இத்தகைய திரையை 1965-ல் விவரித்தவர் ஜான்சன் என்னும் இங்கிலாந்துப் பொறியாளர். விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் அலுவலகத்துக்காக அவர் யோசித்தது அது. களைக்கொத்து பிடித்த கை அவர் கணக்கில் இருந்திருக்காது.

உலர்ந்து தடித்த தோல் மின்சாரத்தைச் சரியாகக் கடத்துவதில்லை. செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம் தாள் அறுப்பவர்கள், ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பகுதிகளில் முந்திரிக்கொட்டை உடைப்பவர்கள் ஆகியோரின் விரல்களில் இதைப் பார்க்கலாம். கையைக் கழுவி, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, விரல் நுனிக்குப் பதில் விரலின் சதைப் பகுதியால் தொட வேண்டும். சில போன்களில் தொடு உணர்வைக் கூட்டும் வசதி அமைப்புகளில் உள்ளது. அதை இயக்கிவிடலாம். (ரேஷன் கடைக் கருவியில் கைரேகை விழாதது வேறு விஷயம். அங்கே ரேகை தேய்ந்திருப்பதுதான் காரணம்.)

தண்ணீர், உரம், தூசி

தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே மழைத்துளி விழுந்த திரை அதையே விரல் என்று எண்ணித் தானாக ஓடும், அல்லது உண்மையான விரலை அறியாமல் நிற்கும். பயறுக்கு 2 சத டி.ஏ.பி. கரைசல் தெளிக்கும் நாளிலும், சொட்டுநீரில் பொட்டாஷ் விடும் நாளிலும் கூடுதல் கவனம் தேவை. யூரியா கரைசல் அவ்வளவாக மின்சாரத்தைக் கடத்துவதில்லை. டி.ஏ.பி., பொட்டாஷ் உப்புகள் நன்றாகக் கடத்தும். அது மட்டுமல்ல, காய்ந்த பிறகும் ஈரத்தை இழுத்து, சார்ஜர் குத்தும் துளையில் உள்ள உலோகத்தை அரிக்கும்.

நனைந்த போனை அணைத்து, சிம் கார்டை வெளியே எடுத்து, துளை கீழ்ப்பக்கம் இருக்கும்படி காற்றோட்டமான நிழலில் வைக்க வேண்டும். ஈரம் போகும் வரை சார்ஜ் போடக்கூடாது. அரிசி மூட்டைக்குள் புதைப்பது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. அரிசித் துகள் உள்ளே புகுந்து கெடுக்கும் என்று 2024-ல் ஆப்பிள் நிறுவனமே இதைத் தவிர்க்கச் சொன்னது.

அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலையோரம் உள்ளவர்களின் போனில் வெண்தூசி படியும். சுண்ணாம்புத் தூசி கண்ணாடியைக் கீறாது. அதில் கலந்த மணல் கீறும். எனவே முதலில் ஊதித் தட்டிவிட்டு, லேசாக நனைத்துப் பிழிந்த பழைய வேட்டித் துணியால் துடைக்கலாம். பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் ஆகாது.

மருந்தடிக்கும்போது

இதைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். தடித்த ரப்பர் கையுறை போட்ட கைக்குப் பெரும்பாலான திரைகள் அசைவதில்லை. போன் அடித்ததும் பலர் கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றுகிறார்கள். 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு நம் பெரம்பலூர்ப் பருத்திக் காடுகளிலும் மருந்தடித்தவர்கள் பாதிக்கப்பட்டனர். மருந்து பட்ட விரலால் தொட்ட போன் அடுத்த நிமிடம் கன்னத்தில் ஒட்டுகிறது. மாலையில் குழந்தையின் கைக்குப் போகிறது. டேங்க் முதுகில் இருக்கும் வரை போன் வரப்பில், நிழலில், வேறொருவரிடம் இருப்பதே முறை. சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் எடுக்க வேண்டும்.

வீட்டில் பார்க்க வேண்டியவை

சார்ஜ் போட்டிருக்கும்போது மட்டும் திரை தானாக ஓடினால், குறை பெரும்பாலும் சார்ஜரில் இருக்கும். கழற்றிவிட்டுப் பாருங்கள். சித்திரை வெயிலில் டிராக்டர் மேல் கிடந்த போன் சூட்டினால் நின்றுபோகலாம். பல போன்கள் 35 டிகிரி வரை வெப்பத்துக்கே செய்யப்பட்டவை. நிழலில் ஆற விட வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்தால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும்.

தொட்ட இடத்தைச் சுற்றிக் கட்டம் விழுந்து, போன் பேசவும் செய்தால், அது பழுது அல்ல. பார்வையற்றோருக்கான 'டாக்பேக்' வசதி தவறுதலாக இயங்கியிருக்கிறது. சத்தத்தைக் கூட்டும், குறைக்கும் பட்டன்கள் இரண்டையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்தினால் பெரும்பாலும் போய்விடும். போகாவிட்டால், ஒரு முறை தொட்டுத் தேர்ந்து, பிறகு இரு முறை தட்டினால் திறக்கும். இரண்டு விரலால் தள்ளினால் நகரும். அப்படி அமைப்புகளுக்குள் சென்று நிறுத்தலாம்.

எதற்கும் அசையாத போனில் பவர் பட்டனை 10 முதல் 20 விநாடி அழுத்திப் பிடித்தால் அணைந்து மீண்டும் எழும். சிலவற்றில் சத்தம் குறைக்கும் பட்டனையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். சத்தம் கூட்டும் பட்டனைச் சேர்க்காதீர்கள். பல போன்களில் அது எல்லாவற்றையும் அழிக்கும் வழி உள்ள பக்கத்தைத் திறக்கும்.

முதுகு உப்பி, திரை மேலே தூக்கியிருந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது. சார்ஜ் போடாமல், அழுத்தாமல், வைக்கோல் போருக்கு அருகில் வைக்காமல் கடைக்குக் கொண்டு போக வேண்டும்.

கடைக்குப் போகும் முன்

படம் தெரிந்து தொடுதல் மட்டும் போயிருந்தால், உள்ளே உள்ள பயிர்ப் படங்களையும் எண்களையும் காப்பாற்ற வழி உண்டு. ஓ.டி.ஜி. பின் ஒன்றை மாட்டி, கம்ப்யூட்டர் மௌஸை இணைத்தால் திரையில் அம்பு தோன்றும். அதைக் கொண்டே பூட்டைத் திறக்கலாம். சில கம்பெனிப் போன்களில் ஓ.டி.ஜி. வசதியை முன்பே இயக்கி வைத்திருந்தால்தான் இது நடக்கும். போன் நன்றாக இருக்கும்போதே அதைப் பார்த்துக்கொள்வது நல்லது. டிஸ்பிளே மாற்றுவதற்காக ஃபார்மட் அடிக்க வேண்டிய அவசியம் இல்லை. கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சிம் கார்டையும் மெமரி கார்டையும் எடுத்துக்கொண்டே போனைக் கொடுக்க வேண்டும். அந்தச் சிம்மைப் பட்டன் போனில் போட்டால் ஓ.டி.பி. எண் அதில் வந்துவிடும். 4ஜி மட்டும் தரும் நிறுவனத்தின் சிம்முக்கு 4ஜி பட்டன் போன் வேண்டும். காப்பீடு செய்த வயலில் வெள்ளம் புகுந்தால் 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்பது பயிர்க் காப்பீட்டு விதி. திரை போனதைக் காரணம் காட்ட முடியாது. அதற்கு 14447 என்ற எண்ணையும், பயிர் சந்தேகங்களுக்குக் கிசான் கால் சென்டரின் 1800-180-1551 என்ற எண்ணையும் பட்டன் போனிலிருந்தே அழைக்கலாம்.