பண்டிகைப் பலகாரமும் பல்லும்

ஆயுத பூஜை அன்று பீன்யாவைப் பார்க்க வேண்டும். பெங்களூரில் உள்ள பெரிய தொழிற்பேட்டை அது. 1970களில் தொடங்கியது. லேத் பட்டறை, பிரஸ் பட்டறை, ஆயத்த ஆடைத் தொழிற்சாலை என்று எத்தனையோ உண்டு. அன்று எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், பூமாலை. வாசலில் வாழைக்கன்று, உடைத்த பூசணிக்காய். வேலை செய்கிறவர்களுக்குப் பொரி, கடலை, ஒரு பெட்டி இனிப்பு.

மூன்று வாரத்தில் தீபாவளி வந்துவிடும். தமிழ்க் குடும்பங்களில் அதிரசம் சுடுவார்கள். தை பிறந்தால் பொங்கல். கன்னடக்காரர்களுக்கு அது சங்கராந்தி. பக்கத்து வீட்டிலிருந்து எள்ளு பெல்லா வரும். எள், வெல்லம், வேர்க்கடலை, கொப்பரை, பொட்டுக்கடலை கலந்தது அது. கூடவே கரும்புத் துண்டும் சர்க்கரை அச்சும் இருக்கும்.

ஆக, மூன்று மாதத்துக்கு மேல் வீட்டில் இனிப்பு இருந்துகொண்டே இருக்கும். பல்வலியும் பின்னாலேயே வரும். தினக்கூலிக்காரருக்கு ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போய்விடும். வலியோடு வேலைக்குப் போவதும் ஆபத்து. பிரஸ் மெஷின் முன்னால் கவனம் சிதறினால் விரலே போய்விடும்.

அப்படியானால் இனிப்பே தின்னக் கூடாதா? தின்னலாம். எவ்வளவு தின்றோம் என்பதைவிட எத்தனை தடவை தின்றோம் என்பதே முக்கியம்.

நம் வாயில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் உண்டு. அவை பல்லின்மேல் மாவுபோலப் படிந்திருக்கும். நாம் தின்னும் இனிப்பு அவற்றுக்கும் உணவு. அதைத் தின்று அவை அமிலத்தை உண்டாக்கும். அந்த அமிலம் பல்லின் மேல்பகுதியைக் கரைக்கும். ஆனால் நம் எச்சில் சும்மா இருப்பதில்லை. அமிலத்தைத் தணிக்கும். கரைந்த சுண்ணாம்புச் சத்தைப் பல்லுக்குத் திருப்பித் தரும். இதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும்.

இரண்டு தொழிலாளிகளுக்கு ஒரே மாதிரி இனிப்புப் பெட்டி கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் மதியச் சாப்பாடு முடிந்ததும் நான்கு துண்டு தின்று வாய் கொப்பளித்தார். அவர் பல்லுக்கு ஒரு தாக்குதல்தான். மற்றவர் பெட்டியை மெஷின் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். மணிக்கு ஒரு தடவை பாதித் துண்டு வாயில் போட்டார். எட்டு மணி நேரத்தில் அதே நான்கு துண்டுதான். ஆனால் எட்டு தாக்குதல்! எச்சில் பல்லைச் சரி செய்ய நேரமே இல்லை.

ஸ்வீடன் நாட்டில் விப்பெஹோல்ம் என்ற மருத்துவமனையில் 1940களில் இதைச் சோதித்தார்கள். முடிவை 1954இல் வெளியிட்டார்கள். சாப்பாட்டுக்கு இடையில் ஒட்டும் மிட்டாய் தின்றவர்களுக்கே பல் மிக அதிகமாகச் சொத்தையானது. அவர்கள் மனவளர்ச்சி குன்றிய நோயாளிகள். அவர்களின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. அது பெரிய அநியாயம். பிறகு அந்த நாட்டில் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மட்டும் மிட்டாய் கொடுக்கும் வழக்கம் வந்தது.

நம் எள்ளுருண்டையும் கடலை மிட்டாயும் ஒட்டும் பண்டங்கள்தான். கடைவாய்ப் பல்லின் குழியில் தங்கிவிடும். வெல்லம் பல்லைக் கெடுக்காது என்று சிலர் சொல்வார்கள். கிருமிக்கு வெல்லமும் ஒன்றுதான், சர்க்கரையும் ஒன்றுதான். கரும்பு கடித்தால் பல் துலக்கியது ஆகாது. அதன் சாறும் இனிப்புதானே!

தூங்கும்போது எச்சில் மிகவும் குறைந்துவிடும். இரண்டாவது ஷிப்ட் முடித்து வந்து, ஒரு லட்டைத் தின்றுவிட்டு அப்படியே படுப்பதுதான் மிகவும் கெடுதல். இரவில் பல் துலக்கிவிட்டுப் படுங்கள். அதன்பின் எதுவும் தின்ன வேண்டாம். செங்கல் பொடி, கரி, சாம்பல் வேண்டாம். அவை பல்லைத் தேய்த்துவிடும். பேஸ்ட் வாங்கும்போது அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்துப் பாருங்கள். ஃபுளோரைடு என்று இருக்கிறதா? அது பல்லை உறுதியாக்கும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒரு அரிசி அளவு பேஸ்ட் போதும்.

"விழப் போகிற பல்தானே" என்று பால் பல்லை விட்டுவிடாதீர்கள். சொத்தையானால் குழந்தைக்கும் அதே வலிதான். அது சீக்கிரம் போய்விட்டால், பின்னால் வரும் பல் கோணலாக முளைக்கலாம்.

வலி வந்தால் பலர் மாத்திரையை ஈறில் வைத்து அடக்குவார்கள். ஈறு வெந்துவிடும். கிராம்புத் தைலம் வலியைக் கொஞ்ச நேரம் மறைக்கும். சொத்தை உள்ளே போய்க்கொண்டே இருக்கும். சிறு குழியாக இருக்கும்போதே போனால் டாக்டர் அடைத்துவிடுவார். வேர்வரை போய்விட்டால் செலவும் கூடும், நாளும் கூடும். தாடை வீங்கிக் காய்ச்சல் வந்தால் அன்றே போக வேண்டும்.

ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் குடும்பத்தில் உள்ளவர்களுக்கும் பல் சிகிச்சை உண்டு. அட்டை இல்லாதவர்கள் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். விக்டோரியா மருத்துவமனை வளாகத்தில் அது இருக்கிறது. பீன்யாவில் பச்சை வழி மெட்ரோவில் ஏறினால், வண்டி மாறாமல் கே.ஆர். மார்க்கெட்டில் இறங்கலாம். அங்கிருந்து நடக்கும் தூரம்தான்.