தலைமாட்டில் ஒரு கொலையாளி

63 வயதுக் கொரியப் பெண்மணி ஒருவர், அரைவேக்காடாக அவித்த கணவாயைக் குடல் கிடல் எதையும் எடுக்காமல் அப்படியே கடித்தார். அடுத்த நிமிஷம், ஐயோ! வாய் முழுக்க ஊசி குத்துகிற மாதிரி வலி. விழுங்காமல் துப்பிவிட்டார். ஆனாலும் குத்தல் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால், நாக்கிலும் ஈறிலுமாக 12 குட்டி வெள்ளைப் பூச்சிகள் தைத்துக்கொண்டிருக்கின்றன. எடுத்துப் பரிசோதித்த பிறகுதான் தெரிந்தது, பூச்சி இல்லை. ஆண் கணவாயின் விந்துப் பைகள்! தங்கள் முதலாளி சட்டியில் வெந்துவிட்டார் என்கிற தகவல் அவற்றுக்குப் போய்ச் சேரவில்லை. கடமையில் கண்ணாக இருந்திருக்கின்றன.

குமட்டுகிறதா? மன்னிக்கவும். இட்டுக்கட்டிய ஜோக் இல்லை. 2012-ல் ஒட்டுண்ணி ஆராய்ச்சி சஞ்சிகை ஒன்றில் கொரிய டாக்டர்கள் சீரியஸாக எழுதிய கேஸ் ரிப்போர்ட்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. அடுத்தவர் வியாதியைப் படிக்கிற வியாதி. லஞ்ச் டைமில் மற்றவர்கள் கிரிக்கெட் பேசிக்கொண்டிருக்க, நான் கொரிய மருத்துவ சஞ்சிகைகளைப் புரட்டிக்கொண்டிருப்பேன். ஏன் கொரியா என்று கேட்டால் பதில் இல்லை. ஒரு நாள் கணவாயில் ஆரம்பித்தது, விடவில்லை. 'ஹ்வா-ப்யங்' என்று ஒன்று அங்கே உண்டு. ஹ்வா என்றால் நெருப்பு, ப்யங் என்றால் நோய். கோபத்தை வருஷக்கணக்காக அடக்கி அடக்கி, நெஞ்சில் எரிச்சலும் அடைப்புமாக டாக்டரிடம் போய் நிற்பது. 1994-ல் அமெரிக்க மனநோய்க் கையேட்டின் பின்னிணைப்பிலேயே இடம் பிடித்துவிட்டது. நம்மூரில் இதற்கு வயித்தெரிச்சல் என்று பேர். இன்க்ரிமென்ட் சமயத்தில் எங்கள் ஆபீஸுக்கு வந்தால் ஒரே நாளில் முப்பது கேஸ் எழுதலாம்.

கேஸ் ரிப்போர்ட் என்பது மருத்துவ ஆராய்ச்சியில் கடைசி பெஞ்ச் மாணவன். ஆயிரம் பேருக்கு மருந்து கொடுத்துப் பார்க்கிற பெரிய ஆராய்ச்சிகளுக்குத்தான் மரியாதை. இதில் ஒரு நோயாளி. மிஞ்சினால் ஐந்து, பத்து பேர். பெயர் இருக்காது, வயது, ஆணா பெண்ணா, எத்தனை நாளாக இருமல், எக்ஸ்ரேயில் என்ன தெரிந்தது, பிழைத்தாரா இல்லையா... அவ்வளவுதான். 'இப்படி ஒருத்தர் வந்தார், எங்களுக்குப் புரியவில்லை, உங்கள் ஊரில் யாராவது பார்த்தீர்களா?' என்று ஒரு டாக்டர் மற்ற டாக்டர்களுக்குப் போடுகிற லெட்டர் மாதிரி. அப்படிப்பட்ட லெட்டர்கள் ஒரு தேசத்தையே உலுக்கிய கதைதான் இது. இனி ஜோக் கிடையாது.

2011, வசந்த காலம். சோல் நகரத்து ஆசான் மெடிக்கல் சென்டர். (நம்ம இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்கிறார்களே ஹூண்டாய், அதைத் தொடங்கிய சுங் ஜூ-யுங்கின் புனைபெயர்தான் ஆசான்.) அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவில் இளம் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து சேர்ந்தார்கள். பலர் கர்ப்பிணிகள், அல்லது பிரசவம் ஆகிச் சில வாரங்களே ஆனவர்கள். முதலில் லேசான இருமல், அப்புறம் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கல். அதற்கப்புறம் உட்கார்ந்திருந்தாலே திணறல். நுரையீரல் பஞ்சுத்தன்மை போய்த் தழும்பாக இறுகிக்கொண்டே வந்தது. ஆன்டிபயாடிக் கேட்கவில்லை, ஸ்டீராய்டும் கேட்கவில்லை. சிலருக்கு நுரையீரலையே மாற்ற வேண்டியிருந்தது. சிலரைக் காப்பாற்ற முடியவில்லை.

சின்ன வயசு, முன்பு எந்த வியாதியும் இல்லை. இப்படி ஒரே ஐ.சி.யூ.வில் ஒரே மாதிரி நாலைந்து பேர் என்றால் யாருக்கும் முதலில் தோன்றுவது தொற்று நோய்தான். ஏதோ புது வைரஸ்! டாக்டர்கள் ஏப்ரல் மாதம் அரசாங்கத்தின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்குத் தகவல் கொடுத்தார்கள். பத்திரிகைகளில் 'பெயர் தெரியாத நுரையீரல் நோய்' என்று செய்தி வந்தது. கர்ப்பிணிகள் நடுங்கிப் போனார்கள்.

ஆனால் வைரஸ் கிடைக்கவில்லை. தேடித் தேடிப் பார்த்தும் எல்லாரிடமும் பொதுவாக ஒரு கிருமி இல்லை. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்ட நர்ஸ்களுக்கும் வரவில்லை. தொற்று நோய் என்றால் இது ரொம்ப விசித்திரமான தொற்று நோய். ஆளைப் பார்த்து, வீட்டைப் பார்த்து, சீஸன் பார்த்து வருகிறது.

துப்பு நுரையீரலுக்குள்ளேயே இருந்தது. நுரையீரலைத் தலைகீழ் மரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூச்சுக்குழாய் அடிமரம், அது கிளை கிளையாகப் பிரிந்து கடைசியில் காற்றுப் பைகளில் முடிகிறது. இந்த நோயாளிகளின் ஸ்கேனிலும், வெட்டியெடுத்த சதைத் துணுக்கிலும் சேதம் ஒரு தினுசாக இருந்தது. கடைசிக் கிளைகளின் நுனியைச் சுற்றித்தான் நாசம். நுரையீரலின் வெளி ஓரம் ஓரளவு தப்பித்திருந்தது. ரத்தம் வழியாக வந்த விஷமென்றால் இப்படிக் கிளை பார்த்துப் போகாது. அப்படியானால்? மூச்சோடு ஏதோ உள்ளே போயிருக்கிறது.

இந்த இடத்தில் ஐந்து வருஷம் பின்னால் போக வேண்டும்.

2006-ன் ஆரம்பத்தில் கொரியாவின் பெரிய ஆஸ்பத்திரிகளில் கைக்குழந்தைகளும் இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளும் இதே மாதிரி மூச்சுத் திணறலோடு வந்தன. பல குழந்தைகள் பிழைக்கவில்லை. குழந்தை மருத்துவர்கள் சும்மா இருக்கவில்லை. கேஸ்களைத் தொகுத்து 2008-ல் கொரியக் குழந்தை மருத்துவ சஞ்சிகையில் எழுதினார்கள். 2009-ல் தேசம் முழுக்கக் கணக்கெடுத்து இன்னொரு கட்டுரை. வயது, மாதம், ஸ்கேன், மரணம் எல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது. பனிக்காலம் முடிந்து வசந்தம் வரும்போது அதிகம் என்பது உட்பட. அவர்களும் வைரஸைத்தான் தேடினார்கள். அது கிடைக்கவில்லை. கேள்விக்குறியோடு கட்டுரை முடிந்து, அலமாரிக்குப் போய்விட்டது. அடுத்த வருஷமும் குழந்தைகள் வந்தன. அதற்கடுத்த வருஷமும்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. போன வருஷம் எனக்கு மூணு வாரம் விடாத இருமல். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார், சீட்டு எழுதினார், 'நெக்ஸ்ட்' என்றார். ராத்திரி எங்கே படுக்கிறேன், தலைமாட்டில் என்ன இருக்கிறது என்று அவரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. கொரிய டாக்டர்களாவது எழுதி வைத்தார்கள்.

2011-ல் கேட்டார்கள். கொஞ்சநஞ்சக் கேள்வி இல்லை. என்ன சாப்பிட்டீர்கள், என்ன மருந்து குடித்தீர்கள், வீட்டில் என்னென்ன உபயோகிக்கிறீர்கள்? நோயாளிகளிடம் கேட்ட அதே கேள்விகளை, வேறு காரணத்துக்காக ஆஸ்பத்திரிக்கு வந்த, அதே வயதொத்தவர்களிடமும் கேட்டார்கள். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது வித்தியாசமாக நிற்கிறது? அதுதான் சூட்சுமம். மற்றதெல்லாம் ஏறக்குறைய சமம். ஒன்றே ஒன்று மட்டும் தனியாக எழுந்து நின்றது. ஹ்யூமிடிஃபையர் தண்ணீரில் கலக்கிற கிருமிநாசினி.

சென்னைவாசிகளுக்கு ஹ்யூமிடிஃபையர் என்றால் சிரிப்பு வரும். காற்றில் ஈரம் போதவில்லை என்று மெஷின் வைக்கிற ஊர் இல்லையே நம்முடையது! கொரியாவில் பனிக்காலக் காற்று வறண்டது. போதாக்குறைக்குத் தரையைச் சூடாக்குகிற 'ஒண்டோல்' என்கிற ஏற்பாட்டால் அறைக்குள் தொண்டை காய்ந்துவிடும். அதனால் தலைமாட்டில் ஒரு குட்டி மெஷின். அல்ட்ராசானிக் அதிர்வில் தண்ணீரைப் பொடிப்பொடியாக்கிப் புகை மாதிரி ஊதும். கொதிக்க வைத்து ஆவியாக்கினால் தண்ணீர் மட்டும் மேலே போகும், கலந்தது அடியில் தங்கும். இந்த மெஷினில் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறதோ அத்தனையும் சேர்ந்து பறக்கும்.

தண்ணீர் தேங்கினால் பாசி பிடிக்கும், கிருமி சேரும், குழந்தை இருக்கிற வீடு, தினம் கழுவ முடியுமா? அதற்குத்தான் 1994-ல் ஒரு கம்பெனி வழி கண்டுபிடித்தது. இந்தத் திரவத்தைத் தண்ணீரில் கொஞ்சம் ஊற்றுங்கள், போதும். பிறகு வேறு கம்பெனிகளும் குதித்தன. அதிகம் விற்றது ஆக்ஸி. 2001-ல் அதை வாங்கியது ரெக்கிட் பென்கிஸர், நம்ம வீட்டு டெட்டாலும் ஹார்பிக்கும் விற்கிற அதே நிறுவனம். திரவத்தில் இருந்தது பி.ஹெச்.எம்.ஜி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ரசாயனம். தோலில் பட்டால் பெரிதாக ஒன்றும் செய்யாது. ராத்திரி முழுக்க சுவாசித்தால்? அதை யாரும் சோதிக்கவில்லை. சட்டமும் கேட்கவில்லை. லேபிளில் மட்டும் குழந்தைக்கும் பாதுகாப்பானது என்கிற உத்தரவாதம் இருந்தது.

ஏன் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் என்பது இப்போது புரிந்திருக்கும். அறைக்குள் அதிக நேரம் இருந்தவர்கள் அவர்கள்தான். அவர்களுக்காகத்தான் அந்த மெஷினே ஓடியது. சில வீடுகளில் தாயும் குழந்தையும் சேர்ந்தே விழுந்தார்கள். அசட்டையான வீட்டில் அந்தத் திரவம் இல்லை. கிருமி வந்துவிடக் கூடாதே என்று பயந்து பயந்து, மறக்காமல் தினமும் ஊற்றிய வீட்டில் இருந்தது. 'என் கையால்தானே ஊற்றினேன்' என்று பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர்கள் பிற்பாடு பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். என்னைக் கேட்டால், அந்த ஊரில் இருந்திருந்தால் நானும் ஊற்றியிருப்பேன். அட்டையில் குழந்தைக்குப் பாதுகாப்பு என்று போட்டிருந்தால் இரண்டு பாட்டிலாக வாங்கியிருப்பேன்.

2011 ஆகஸ்ட் 31-ம் தேதி நோய்க் கட்டுப்பாட்டு மையம் முடிவை அறிவித்தது. அதில் ஒரு எண்: 47.3. இந்தத் திரவத்தை உபயோகித்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல அத்தனை மடங்கு என்று கணக்கு. சிகரெட்டையும் நுரையீரல் புற்றுநோயையும் பற்றிச் சொல்லும்போதே பத்து, இருபது மடங்கு என்றுதான் பேசுவார்கள்.

ஆனாலும் 'சந்தேகிக்கப்படுகிறது, தற்சமயம் உபயோகிக்காதீர்கள்' என்றுதான் சொன்னார்கள். எலிகளைக் கூண்டில் வைத்து அதே திரவத்தைச் சுவாசிக்க வைத்தார்கள். எலி நுரையீரலிலும் அதே தழும்பு. நவம்பர் 11-ம் தேதி, கடைகளிலிருந்து திரும்ப எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. பதினேழு வருஷ வியாபாரம் முடிந்தது.

கோர்ட் சமாசாரம் அப்புறம் நத்தை வேகத்தில் நடந்தது. ஆக்ஸியின் கொரியத் தலைவர் பத்திரிகையாளர்கள் முன் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டது 2016 மே மாதம்தான். ஐந்து வருஷம் கழித்து! அந்தக் கூட்டத்திலேயே பாதிக்கப்பட்டவர்களின் உறவினர்கள் அவர் மேல் பாய்ந்தார்கள். முன்னாள் தலைவர் ஒருவருக்கு 2017-ல் ஏழு வருஷ சிறை, அப்பீலில் ஆறானது. 2017-ல் நிவாரணத்துக்கென்று தனிச் சட்டமும் வந்தது. அதன்படி அரசாங்கம் அங்கீகரித்த பாதிப்பாளர்கள் 2023-லேயே ஐயாயிரத்தைத் தாண்டிவிட்டார்கள். ஐ.சி.யூ.வில் பார்த்த சிலர் எங்கே, இந்த ஐயாயிரம் எங்கே!

கோர்ட் தீர்ப்புகள் நிறைய இருக்கின்றன. நான் திரும்பத் திரும்ப எடுத்துப் படிப்பது, குழந்தை மருத்துவர்கள் 2014-ல் எழுதிய ஒரு கட்டுரை. பழைய ஃபைல்களையெல்லாம் தூசி தட்டி, அலமாரிக்குப் போன அந்தக் குழந்தைகளை ஒவ்வொருவராகத் திரும்ப எண்ணியிருக்கிறார்கள். 138 குழந்தைகள். சராசரி வயது இரண்டரை. இறந்தது 80. வழக்கம்போல் பெயர்கள் இல்லை.

திரவத்தைக் கடைகளிலிருந்து எடுத்த பிறகும் அந்த டாக்டர்கள் நிம்மதியாக இருந்துவிடவில்லை. பனிக்காலம் முடிந்து வசந்தம் வந்தால்தானே தெரியும்? காத்திருந்து, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக விசாரித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். 2012 வசந்தத்தில் அந்த நோயோடு ஒரு புதுக் குழந்தைகூட வரவில்லை. 2013-லும் வரவில்லை.