அளவுக்குச் செய்யாத கிட்டார்

நம் சங்கத்து அன்பர் ஒருவரின் புதல்வனுக்கு மின்சாரக் கிட்டார் வாங்கத் தம்பானூர் ரயிலடிக்கு அருகேயுள்ள கடைக்குச் சென்றோம். பையன் இடக்கைப் பழக்கமுள்ளவன். கம்பெனியார் வலக்கை வாத்தியம் மட்டுமே செய்கின்றனர். கேட்டபடி அமைத்துத் தரும் வழக்கமே இல்லை என்றார் கடைக்காரர். ஒரே அளவில் மரம் அறுக்கும் தொழிற்சாலை ஒருவனுக்காக இயந்திரத்தை நிறுத்துமா?

தஞ்சாவூர் வீணையோ கைவேலை. பலாமரத்தைக் குடைந்து, 24 மெட்டுகளையும் மெழுகில் பதித்துச் செவியால் சரிபார்க்கின்றனர். "வீணையே கற்கலாமே" என்றோம். பையன் முகம் வாடிவிட்டது!

கிடைத்த வாத்தியத்தையே தம் வழிக்குத் திருப்பியோரும் உளர். மேனாட்டு மாண்டலினில் நான்கு இணைகளாக எட்டுத் தந்திகள். இரட்டைத் தந்தியில் கமகம் பிடிப்பது எளிதன்று. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் (1969–2014) மின்சார மாண்டலினில் ஐந்து ஒற்றைத் தந்திகளைக் கொண்டு கர்நாடக இசையை வாசித்தார். இடக்கையரான அமெரிக்கர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் (1942–1970) வலக்கைக் கிட்டாரைத் திருப்பிப் பிடித்து, தந்திகளை மாற்றிப் பூட்டிக்கொண்டார்.

இதைக் கேட்டதும் பையன் வலக்கைக் கிட்டாரையே எடுத்துக்கொண்டான். கழுத்தின் தலைப்பில் தந்தி அமரும் பள்ளங்களை மாற்றி அராவ வேண்டும். ஒலித் திருகுகள் முழங்கையில் இடிக்கும். அவற்றையும் சொன்னோம். "பழகிக்கொள்வேன், மாமா" என்றான். தந்தையார் பேசாமல் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தார்.