எழுதினோம்... ஏன் யாரும் வரவில்லை?

கடந்த ஆண்டுத் தொடக்கத்தில் எங்கள் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் மன்றத்துக்காக ஓர் இணையத்தளம் அமைத்தோம். உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான தேர்வுக் குறிப்புகள், மூத்த மாணவர்களின் அனுபவங்கள், ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவுக்கான எங்கள் நிகழ்ச்சி விவரங்கள் என எல்லாவற்றையும் அதில் ஏற்றினோம். இரண்டு வார இறுதிகள் தூக்கம் கெட்டதுதான் மிச்சம். ஒரு மாதம் கழித்து வருகைக் கணக்கைத் திறந்து பார்த்தால், வந்தவர்களில் பெரும்பாலோர் எங்கள் செயற்குழுவினரே. மற்றவர்களில் ஒருவர் என் அம்மா.

“இன்ஸ்டகிராமில் போடு”, “வாட்ஸ்அப் குழுக்களில் பகிர்” என்று ஆளுக்கோர் ஆலோசனை சொன்னார்கள். அதையும் செய்தோம். பகிர்ந்த அன்று கூட்டம் வந்தது. மறுநாள் காணாமல் போனது.

பூக்கடைக்கு விளம்பரம் தேவையில்லை என்பார்கள். தேக்கா பக்கம் போனால் கடை கண்ணில் படும் முன்பே மல்லிகை மணம் நம்மை இழுத்துவிடும். இணையத்தில் அந்த வசதி இல்லை. எவ்வளவு நல்ல பக்கமாக இருந்தாலும் யாராவது வழி காட்டினால்தான் வாசகர் வந்து சேர்வார். அந்த வழி எப்படி உருவாகிறது என்பதைச் சில மாதங்கள் தடுமாறிய பிறகே கற்றுக்கொண்டோம்.

படத்துக்குள் மறைந்த தமிழ்

முதல் பாடத்தைக் கற்றுத் தந்தவர் கணினித் துறையில் படிக்கும் அக்கா ஒருவர். எங்கள் தளத்தைப் பார்த்துவிட்டு, “இந்தப் பக்கத்தில் ஒரு வரியை நகல் எடுத்துக் காட்டு பார்ப்போம்” என்றார். முடியவில்லை. அழகான எழுத்துரு வேண்டும் என்பதற்காகக் குறிப்புகள் அனைத்தையும் சுவரொட்டிபோல் வடிவமைத்துப் படங்களாக ஏற்றியிருந்தோம்.

“உங்கள் கண்ணுக்கு இது தமிழ். தேடுபொறிக்கு இது வெறும் படம்” என்றார் அக்கா.

தேடுபொறி மூன்று வேலைகளைச் செய்கிறது. முதலில், அதன் நிரல் ஓர் இணைப்பிலிருந்து இன்னோர் இணைப்புக்குத் தாவிப் பக்கங்களைக் கண்டுபிடிக்கிறது. அடுத்து, அந்தப் பக்கங்களில் உள்ள சொற்களை ஒரு பெரிய அட்டவணையில் சேர்க்கிறது. நாம் தேடும்போது அந்த அட்டவணையிலிருந்து பொருத்தமானவற்றை எடுத்து வரிசைப்படுத்துகிறது. படத்தில் உள்ள எழுத்தைக் கணினி ஓரளவு அடையாளம் காணக்கூடும் என்றாலும் அதை நம்பி இருக்க முடியாது. முக்கியமான செய்தியை எழுத்தாகவே தர வேண்டும்.

இது தேடுபொறிக்காக மட்டுமன்று. பார்வைக் குறைபாடு உள்ளவர்களின் கைப்பேசி, பக்கத்தில் உள்ள எழுத்தைத்தான் உரக்கப் படித்துக் காட்டும். படத்துக்கு மாற்று விளக்கம் எழுதாவிட்டால் அவர்களுக்கு எங்கள் தளத்தில் ஒன்றுமே இல்லை. வருகையாளர் இல்லையே என்று கவலைப்பட்ட நாங்கள், வரக்கூடிய சிலருக்குக் கதவையே மூடி வைத்திருந்தோம்.

தமிழை எழுத்தாகவே இணையத்தில் இடும் வசதி எளிதில் கிடைத்ததன்று. 1990களில் தமிழ்த் தளங்கள் பலவும் தமக்கெனத் தனி எழுத்துருவை வைத்திருந்தன. அதைப் பதிவிறக்காவிட்டால் திரையில் தெரிவதெல்லாம் புரியாத குறிகள்தான். அந்தக் காலத்தில் தமிழை இணையத்தில் ஏற்ற முன்னின்றவர்களுள் ஒருவர் நம் சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் தாங்கி 1995ஆம் ஆண்டில் வெளிவந்த இணையப் பக்கத்தில் தமிழ் இடம்பெற அவரது உழைப்பு காரணமாக இருந்தது. 1997ஆம் ஆண்டில் தமிழ் இணைய மாநாடும் இங்கேயே நடைபெற்றது. இன்று ஒருங்குறியில் ‘அ’ என்றால் 2949, ‘க’ என்றால் 2965 என ஒவ்வோர் எழுத்துக்கும் உலகம் முழுவதும் ஒரே எண். அதனால்தான் நாம் தட்டச்சு செய்யும் சொல்லும், எங்கோ ஒரு பக்கத்தில் இருக்கும் சொல்லும் ஒன்றே என்று தேடுபொறிக்குத் தெரிகிறது. அப்படிப் பாடுபட்டுப் பெற்ற வசதியை நாங்கள் ஒரு சுவரொட்டி ஆசையில் தூக்கி எறிந்திருந்தோம்.

யாருடைய சொற்கள்?

படங்களை எழுத்தாக மாற்றினோம். அப்போதும் கூட்டம் வரவில்லை. இரண்டாவது தவறு தலைப்புகளில் இருந்தது.

வாய்மொழித் தேர்வு பற்றிய குறிப்புக்கு நாங்கள் வைத்த தலைப்பு, “சொற்களின் சோலையில் ஓர் உலா”. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், நாளை மறுநாள் தேர்வு என்று பதறும் உயர்நிலை நான்கு மாணவர் எவரும் சோலையைத் தேடுவதில்லை. அவர் தேடுவது “தமிழ் வாய்மொழித் தேர்வுக்குத் தயாராவது எப்படி” என்பதைத்தான். தலைப்பை அப்படியே மாற்றினோம்.

கூகல் நிறுவனத்தின் ‘சர்ச் கன்சோல்’ என்ற இலவசச் சேவையில் நம் தளத்தைப் பதிவு செய்தால், என்னென்ன சொற்களைத் தேடியவர்களுக்கு நம் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் அதைச் சொடுக்கினர் என்பன தெரியும். அந்தப் பட்டியலைப் பார்த்தபோதுதான் ஒன்று புரிந்தது. நம் மாணவர்கள் பலர் தமிழ்ப் பாடத்துக்கான கேள்வியையே ஆங்கிலத்தில் தேடுகிறார்கள். அதனால் ஒவ்வொரு பக்கத்தின் தொடக்கத்திலும் அதன் சாரத்தை இரண்டு ஆங்கில வரிகளில் சேர்த்தோம். தமிழ் மன்றம் ஆங்கிலத்தில் எழுதலாமா என்று கூட்டத்தில் சூடான விவாதம் நடந்தது. ஆங்கிலத்தில் தேடி வருபவர் தமிழில் படித்துவிட்டுப் போகட்டுமே என்று முடிவெடுத்தோம்.

தேடப்படும் சொற்களை வேண்டிய மட்டும் பக்கத்தில் திணித்தால் முன்னுக்கு வந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பக்கத்தின் நிரலுக்குள் மறைவாக எழுதிவைக்கும் குறிச்சொற்களை வரிசைப்படுத்தலில் கணக்கில் கொள்வதில்லை என்று கூகல் 2009ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது. தேடுபொறிக்கு ஒரு பக்கமும் வாசகருக்கு வேறொரு பக்கமும் காட்டியதற்காக, 2006ஆம் ஆண்டில் பிஎம்டபிள்யூ கார் நிறுவனத்தின் ஜெர்மானியத் தளத்தையே அது தன் பட்டியலிலிருந்து சில நாள்களுக்கு நீக்கியது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி.

இணைப்பு ஒரு பரிந்துரை

ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவர்களாக இருந்த லேரி பேஜும் செர்கே பிரின்னும் 1998ஆம் ஆண்டில் கூகல் நிறுவனத்தைத் தொடங்கினர். அவர்களுடைய தேடுபொறியின் அடிப்படை எளிமையானது. ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் பலர் மேற்கோள் காட்டினால் அதற்கு மதிப்பு கூடுகிறது அல்லவா? அதைப்போல ஒரு பக்கத்துக்குப் பிற பக்கங்கள் தரும் இணைப்பைப் பரிந்துரையாக எடுத்துக்கொண்டனர். மதிப்புள்ள பக்கம் தரும் பரிந்துரைக்கு எடை அதிகம். இன்று வேறு பல அளவுகோல்கள் சேர்ந்துவிட்டாலும் இணைப்பும் கணக்கில் கொள்ளப்படுகிறது.

எங்களுக்கு இணைப்பு தர யாருமில்லை. எனவே முதலில் எங்கள் பக்கங்களையே ஒன்றோடொன்று இணைத்தோம். கட்டுரைக் குறிப்பைப் படிப்பவர் அங்கிருந்தே மரபுத்தொடர் பக்கத்துக்குப் போகலாம். பிறகு, எங்களுக்கு முன்பு பாடம் நடத்திய ஆசிரியர்கள் சிலருக்கு மின்னஞ்சல் அனுப்பி, குறிப்புகளைச் சரிபார்த்துத் தரும்படி கேட்டோம். இரண்டு பேர் பிழைகளைத் திருத்தி அனுப்பினார்கள். அவர்களுள் ஒருவர் தம் மாணவர்களுக்கான பக்கத்தில் எங்கள் தளத்தின் இணைப்பையும் சேர்த்தார். நாங்கள் அதைக் கேட்கவே இல்லை.

நான் வைத்த தலைப்பு

எண்ணிக்கை மெல்ல ஏறத் தொடங்கியது. ஏறிய எண்ணிக்கை ஒரு போதை. தேர்வுக் காலம் நெருங்கியபோது, பொதுவான பயிற்சிக் கேள்விகள் கொண்ட ஒரு பக்கத்துக்கு, “இந்த ஆண்டு வரப்போகும் கேள்விகள் இதோ!” என்று தலைப்பு வைத்தேன். வைத்தவன் நான்தான். வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

அந்த வாரம் எங்கள் தளம் அதுவரை கண்டிராத கூட்டத்தைக் கண்டது. செயற்குழுவில் பாராட்டும் கிடைத்தது. ஆனால், வந்தவர்களில் பெரும்பாலோர் சில வினாடிகளில் வெளியேறியிருந்தனர். தேர்வுக்கு முந்திய இரவு மாணவி ஒருவர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். மற்ற பாடங்களை ஒதுக்கிவிட்டு அந்தக் கேள்விகளை மட்டும் படித்ததாகவும், அவை நிச்சயம் வருமா என்றும் கேட்டிருந்தார். இரவு பதினொரு மணிக்கு நான் எழுதிய பதிலைவிட எழுதச் சிரமமான ஒன்றை இதுவரை எழுதியதில்லை. “வராது. அது பயிற்சிக் கேள்வி மட்டுமே. தலைப்பு தவறு, மன்னிக்கவும்” என்றேன். அவர் பதில் எழுதவில்லை.

அன்றிரவே தலைப்பை மாற்றினேன். எண்ணிக்கை சரிந்தது.

இப்போது புதிதாக ஒன்றை வெளியிடும் முன் எங்களிடம் ஐந்து கேள்விகள் உண்டு. இதை யார், எந்தச் சொற்களில் தேடுவார்? தலைப்பு சொல்வது உள்ளே இருக்கிறதா? எழுத்தை நகல் எடுக்க முடிகிறதா? கைப்பேசியில் விரைவாகத் திறக்கிறதா? படித்து முடித்தவர் அடுத்து எங்கே போகலாம்? ஐந்துக்கும் பதில் இருந்தால் வெளியிடுவோம்.

பெரிய கூட்டம் இன்னும் வரவில்லை. ஆனால், வாய்மொழித் தேர்வுப் பக்கத்துக்கு நாங்கள் எங்கும் பகிராமலே ஒவ்வொரு வாரமும் சிலர் தேடி வருகிறார்கள், சில நிமிடங்கள் இருந்து படிக்கிறார்கள். உங்கள் பள்ளித் தமிழ் மன்றமும் இதுபோல் ஒரு தளம் தொடங்க நினைத்தால், உங்கள் வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் ஒரு கேள்விக்கு முழுமையான பதிலை எழுதித் தொடங்குங்கள். சுவரொட்டியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.