ஒளியிழையின் செவி

சென்னையிலிருந்து டில்லிக்கும் கொல்கத்தாவுக்கும் ரயிலில் செல்லும் தமிழன்பர்கள் சூளூர்பேட்டையை அறிவார்கள். சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், திருப்பதி மாவட்டத்தில் உள்ள இவ்வூரிலிருந்துதான் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்திற்குச் சாலை பிரிகிறது. நம் நாட்டு இருப்புப் பாதைகளின் ஓரமாகச் செய்திகளை ஏந்திச் செல்லும் ஒளியிழை வடங்கள் பல்லாயிரம் கிலோமீட்டர் நீளத்துக்கு இடப்பட்டுள்ளன. பேச்சைக் கடத்தும் அத்தகைய இழையையே நிலத்தின் அதிர்வைக் கேட்கும் செவியாகவும் பயன்படுத்தலாம். அது எவ்வாறு என்பதைக் காண்போம்.

ஒளியிழை என்பது தலைமயிரையொத்த மெல்லிய கண்ணாடி. அதனுள் லேசர் ஒளியைச் சிறு சிறு துடிப்புகளாகச் செலுத்தினால், ஒளியின் மிகச் சிறு பகுதி கண்ணாடியின் நுண்ணிய சீரின்மைகளில் சிதறி, வந்த வழியே திரும்புகிறது. இதனை ராலே சிதறல் என்பர். மண் அதிரும்போது அவ்விடத்து இழை இம்மியளவு நீண்டு சுருங்கும். திரும்பும் ஒளியிலும் மாறுதல் தோன்றும். கண்ணாடியில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. ஆகவே, ஒளி திரும்பிவரும் நேரத்தைக் கணக்கிட்டு, அதிர்ந்த இடத்தைச் சில மீட்டர்களுக்குள் குறித்துவிடலாம். கருவி ஒரு முனையில் மட்டும் இருந்தால் போதும்.

சூளூர்பேட்டை நிலையத்தில் இத்தகைய கருவியொன்றை வைத்து, வடக்கே கூடூர்த் திசையில் 50 கிலோமீட்டர் கேட்பதாகக் கொள்வோம். துடிப்பு சென்று மீள நொடியில் 2,000-இல் ஒரு பங்கு நேரம் வேண்டும். அது மீளுமுன் அடுத்ததை அனுப்பினால் இரண்டும் கலந்துவிடும். அன்றியும், 50 கிலோமீட்டர் செல்வதற்குள் ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. சிதறித் திரும்பும் சிற்றொளியும் அவ்வாறே குறைகிறது. தொலைவு கூடக் கூடச் செவி மந்தமாகிறது.

இதற்கான பரிகாரங்களுள் ஒன்று நம்மவர் ஒருவரின் பெயரைத் தாங்கியது. திருச்சிராப்பள்ளியில் பிறந்து, அரசாங்க நிதித்துறை அலுவலராகக் கல்கத்தா சென்றவர் சர் சி. வி. இராமன். அந்நகரில் அவர் 1928 பிப்ரவரி 28-ஆம் நாள் கண்டறிந்த விளைவைக் கொண்டு, மங்கும் ஒளிக்கு இழையினுள்ளேயே வலுவூட்டுகின்றனர். இத்தகைய முறைகளால் 100 கிலோமீட்டருக்கு அப்பாலும் அதிர்வை உணர முடிந்துள்ளது.

இதன் பயன் யாது? 2021 நவம்பர் 26 அன்று இரவு, கோயம்புத்தூரை அடுத்த நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் மாண்டன. இத்தகைய துயரங்களைத் தவிர்க்கவே, வடகிழக்கு எல்லை ரயில்வே 2022 டிசம்பரில் மேற்கு வங்கத்தின் சால்சா–ஹாசிமாரா பகுதியிலும், அஸ்ஸாமின் லங்கா–ஹவாய்ப்பூர் பகுதியிலும் இம்முறையைத் தொடங்கியது. பாதையை நெருங்கும் யானையின் காலடி அதிர்வை இழை உணர, நிலையத்தாருக்கும் ஓட்டுநருக்கும் எச்சரிக்கை செல்கிறது.

எனினும், மழையும் லாரியும் மாட்டு மந்தையும் மண்ணை அதிரச் செய்பவையே. அவற்றிடையே யானையின் நடையைப் பிரித்தறியக் கணிப்பொறியைப் பழக்க வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் ஒரு நிமிடத்தில் ஒரு கிலோமீட்டரைக் கடந்துவிடும். பொய்யான எச்சரிக்கைகள் மிகுந்தால் ஓட்டுநரின் நம்பிக்கை குன்றும். மெய்யான எச்சரிக்கை தாமதித்தால் ஓர் உயிர் போகும். தொலைவைப் பெருக்குவதோடு, கேட்டதைப் பிழையின்றி உணர்ந்து உரிய காலத்தில் ஓட்டுநரிடம் சேர்ப்பதும் இவ்வறிவியலின் பொறுப்பாகும்.