பதிவு இல்லாத உழவர் குழுவும் நன்கொடை பெற வழி உண்டு

வெற்றிலை பயிரிடுவோர் முதலில் அகத்தியை விதைத்து வளர்த்து, பிறகே கொடியை நடுவர். பற்றிக்கொள்ள மரம் இல்லாவிடில் கொடி தரையில் கிடந்து அழுகும். பொதுப் பணிக்கு நன்கொடை தேடும் சிறு உழவர் குழுவின் நிலையும் இதுவே.

நெமிலிச்சேரி போன்ற ஆவடி வட்டாரப் புறநகர் ஊர்களில் வீட்டு மனைகள் பெருகி, பயிர் நிலம் சுருங்கி வருகிறது. ஏரியின் வரத்துக் கால்வாயைத் தூர்வாரும் செலவு, எஞ்சியுள்ள சில விவசாயிகளால் தாங்கக் கூடியதன்று. அம்பத்தூர், ஆவடிப் பகுதியில் தொழிற்சாலைகளுக்குக் குறைவில்லை. 2013-ம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவின்படி, ஆண்டு நிகர லாபம் 5 கோடி ரூபாயோ அதற்கு மேலோ உள்ள கம்பெனிகள், முந்தைய 3 ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். நீர்நிலைப் பாதுகாப்பும் இதில் அடங்கும்.

எனினும் இந்தப் பணம் புதிய குழுவின் கைக்கு நேராக வராது. கம்பெனிக்காகப் பணியை நடத்தும் அறக்கட்டளையோ சங்கமோ 1-4-2021 முதல் மத்திய அரசிடம் இதற்கெனப் பதிவு பெற வேண்டும். வருமான வரித் துறையின் பதிவும், குறைந்தது 3 ஆண்டு அனுபவமும் தேவை. இன்று சங்கம் தொடங்கினாலும் 3 ஆண்டு காத்திருக்க வேண்டும்; கால்வாய் காத்திருக்காது.

தாய் நிறுவனம்

இந்த இடைவெளியை நிரப்புவதே தாய் நிறுவன முறை. தகுதியுள்ள பழைய அறக்கட்டளை ஒன்று, குழுவின் பணியைத் தன் திட்டமாக ஏற்று, நன்கொடையைத் தன் கணக்கில் பெறும். இயந்திர வாடகை, கூலி ஆகியவற்றைத் தானே பட்டுவாடா செய்து, கணக்கும் தணிக்கையும் காட்டும். வேலையைத் திட்டமிட்டு மேற்பார்வையிடுவது குழு. இச்சேவைக்கு ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வது உண்டு. எடுத்துக்காட்டாக, 2 லட்சம் ரூபாயில் 5 சதவீதம் பிடித்தால் 10,000 ரூபாய் போக, 1,90,000 ரூபாய் வேலைக்கு நிற்கும்.

கடன் துறையில் இதையொத்த முறை முன்பே பலன் தந்துள்ளது. 1987-ல் நபார்டு வங்கி, மைராடா என்ற தொண்டு நிறுவனத்தின் வழியே சிறு குழுக்களுக்கு 10 லட்சம் ரூபாய் உதவியது. 1992-ல் 500 சுய உதவிக் குழுக்களை வங்கிகளுடன் இணைக்கும் சோதனைத் திட்டம் தொடங்கியது. பதிவு பெறாத குழுக்களும் வங்கிக் கணக்கும் கடனும் பெற்றன. ஒழுங்கான கூட்டப் பதிவேடும் கணக்குமே அவற்றுக்குத் துணை நின்றன.

எழுத்தில் இருக்க வேண்டியவை

வாய்ச்சொல்லை நம்பி இறங்கக் கூடாது. கீழ்க்கண்டவற்றை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது நலம்.

1. பணம் எந்த வேலைக்கு மட்டும் உரியது.
2. பிடித்தம் எத்தனை சதவீதம்.
3. ரசீது கொடுத்த எத்தனை நாளில் பட்டுவாடா.
4. 3 மாதத்துக்கு ஒருமுறை குழுவுக்குக் கணக்கு நகல்.
5. வாங்கிய மோட்டார், கருவிகள் யாருக்குச் சொந்தம்.
6. மீதிப் பணம் என்னவாகும்.

வெளிநாட்டுப் பணத்தில் கூடுதல் கவனம் தேவை. 2020-ம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, அதைப் பெற்ற நிறுவனம் வேறொருவருக்கு மாற்றித் தர இயலாது. தானே செலவிட வேண்டும். எந்த நன்கொடையையும் தலைவரின் சொந்த வங்கிக் கணக்கில் வாங்குவது அறவே கூடாது. வரித் தொல்லை ஒருபுறம். ஊரின் நம்பிக்கை போனால் அடுத்த ஆண்டு வேலைக்கு ஆள் வராது.

ஏரி அரசுக்கோ உள்ளாட்சிக்கோ உரியது. ஆகவே உரிய அலுவலகத்தின் எழுத்து அனுமதி முதலில் வேண்டும். தை மாதத்துக்குள் அனுமதியும் ஒப்பந்தமும் முடிந்தால், சித்திரை, வைகாசியில் தூர்வாரி, ஐப்பசி மழைக்குக் கால்வாயைத் தயாராக வைக்கலாம். இதற்கிடையே குழுவும் தன் சங்கத்தைப் பதிவு செய்து கணக்கெழுதி வந்தால், 3 ஆண்டு கழித்துத் தன் பெயரிலேயே நன்கொடை கேட்கலாம்.